கொல்லைப்புறத்துக் குயிலும் கோழி எருவும்

அக்டோபர் மாதம், விடியற்காலை நாலு மணி. மேற்கு சிட்னியில் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கோ ஒரு மரத்தில் குயில் தொடங்கும். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் சட்டென்று நிற்கும். சரி, முடிந்தது என்று புரண்டு படுத்தால் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஆரம்பம். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புலம்புவார். எனக்கு அந்தக் குரல் முதல் வருடம் ஊரை நினைவூட்டியது. இரண்டாம் வருடம் நானும் புலம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இது நம் குயிலேதான் என்றால் முழுக்கச் சரியில்லை. இல்லை என்றாலும் சரியில்லை. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள், இப்போது தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண் பளபளப்பான கறுப்பு, கண் சிவப்பு. பெண் உடம்பெல்லாம் புள்ளியும் கோடும். ஊரில் பார்த்த அதே வேஷம். ஆனால் இந்தக் குயில் குளிர்காலத்தை நியூ கினி பக்கம் கழித்துவிட்டு செப்டம்பர் வாக்கில் சிட்னிக்கு வருகிறது, மார்ச் வாக்கில் கிளம்பிவிடுகிறது. இன்னொரு வித்தியாசம், ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற உறவுக்காரி இங்கே வேறு ஆளைப் பிடித்திருக்கிறாள். சிட்னியில் பெரும்பாலும் ரெட் வாட்டில்பேர்ட் என்ற பறவையின் கூடு.

ஜனவரியில் ஒருநாள் பின்வாசல் வேலியோரம் இதைப் பார்த்தேன். கோடுபோட்ட பழுப்புக் குஞ்சு ஒன்று கிளையில் உட்கார்ந்து, நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. அதைவிட ஒல்லியான சாம்பல் நிறப் பறவை ஒன்று வந்து அதன் வாயில் பூச்சியைத் திணித்துவிட்டு ஓடியது. இரண்டு நிமிடத்தில் மறுபடி வந்தது. கன்னத்துக்குக் கீழே தொங்கும் சிவப்புச் சதைத் துணுக்கு தெரிந்தபோதுதான் அது வாட்டில்பேர்ட் என்று புரிந்தது. அரைமணி நேரம் பார்த்தேன். குஞ்சு ஒருமுறைகூட வாயை மூடவில்லை.

குயிலுக்கு இந்தப் பறவை ஏன் தோதாக அமைந்தது? வாட்டில்பேர்ட் ஒரு தேன்குடி. பூச்சியும் தின்னும், ஆனாலும் அதன் வாழ்க்கை பூந்தேனைச் சுற்றித்தான். மேற்கு சிட்னி வீடுகளில் பாட்டில்பிரஷ், கிரெவிலியா என்ற தேன் நிறைந்த பூச்செடிகள் இல்லாத தெரு குறைவு. தேன் இருக்கிற இடத்தில் வாட்டில்பேர்ட் இருக்கும், வாட்டில்பேர்ட் இருக்கிற இடத்தில் குயிலுக்குப் பிள்ளை வளர்க்க ஆள் கிடைக்கும். ஆக, நாலு மணிக்கு நம்மை எழுப்புவதில் நாம் நர்சரியில் வாங்கி நட்ட செடிக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டைச் சுற்றியிருப்பதைப் பார்ப்பது என்றால் பெயர்ப் பட்டியல் போடுவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எது எதை இழுத்து வருகிறது என்று பின்தொடர ஆரம்பித்த பிறகுதான் சுவாரஸ்யம் பிடிபட்டது.

பின்தொடர்ந்தால் கடைசியில் மண்ணில் போய் நிற்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு செடியைக் கொன்றுதான். வந்த புதிதில் ஒரு பேங்க்ஸியாவும் ஒரு கிரெவிலியாவும் வாங்கி நட்டேன். ஊர்ப் பழக்கம், செடிக்கு எரு போடாமல் இருந்தால் கை சும்மா இருக்காது. உருண்டையாக்கிய கோழி எருவை ஆளுக்கு இரண்டு கைப்பிடி போட்டு நன்றாகத் தண்ணீர் விட்டேன். சில வாரங்களில் இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, இரண்டும் போய்ச் சேர்ந்தன. பூச்சி என்று நினைத்து மருந்தும் அடித்தேன். பூச்சி பாவம், அதன்மேல் ஒரு தவறும் இல்லை.

ஆஸ்திரேலிய மண் மிகப் பழைய மண். புதிய எரிமலையோ, பாறையை அரைத்துப் புது மண்ணாக்கும் பனிப்பாறையோ பெரும்பகுதியில் நெடுங்காலமாக இல்லை. மழை கழுவிக் கழுவி, பாஸ்பரஸ் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பேங்க்ஸியா, கிரெவிலியா, மெக்கடேமியா எல்லாம் ஒரே குடும்பம். இந்த வறுமைக்காகவே வேரை அமைத்துக்கொண்ட குடும்பம். மண்ணின் மேலடுக்கில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி கொத்துக் கொத்தாகச் சிறுவேர் விட்டு, அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து உறிஞ்சும். இல்லாத வீட்டில் ஒவ்வொரு பருக்கையையும் பொறுக்கிச் சாப்பிட்டுப் பழகியவனுக்கு முன்னால் ஒரு அண்டாச் சோற்றை வைத்த கதைதான் நான் செய்தது. இந்தச் செடிகளில் பலவற்றுக்கு உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. பாஸ்பரஸே விஷமாகிவிடும். கோழி எருவில் அது தாராளம்.

மண்ணில் சத்து இல்லை, ஆனால் மேலே வெயிலுக்குக் குறைவில்லை. வெயிலும் தண்ணீரும் காற்றும் இருந்தால் மரம் சர்க்கரை செய்துவிடும். அந்தச் சர்க்கரையை வைத்து விதை, குருத்து என்று வளர்த்துக்கொள்ளத்தான் பாஸ்பரஸும் நைட்ரஜனும் வேண்டும். அவை இல்லாதபோது சர்க்கரை மிச்சமாகிறது. அதைப் பூந்தேனாக ஊற்றிக் கொடுத்து மகரந்தம் சுமக்க ஆள் பிடிப்பது மரத்துக்கு மலிவான வழி. இங்கே தேன் இத்தனை தாராளமாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பொருந்துவதாகத் தோன்றுவது இதுதான்.

பாட்டில்பிரஷ் பூவை ஒருநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை, மகரந்தத் தாள்கள். இதழ்கள் அடியில் பச்சையாகச் சின்னதாக ஒதுங்கியிருக்கும். ஒவ்வொரு குட்டிப் பூவின் அடியிலும் ஒரு கிண்ணம், அதில் தேன். பூவை உள்ளங்கையில் தட்டினால் பிசுபிசுக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகள் பேங்க்ஸியா போன்ற பூக்களை நீரில் ஊறவைத்து இனிப்புப் பானமாகக் குடித்திருக்கிறார்கள். பூ உதிர்ந்த பிறகும் பார்க்க வேண்டியது உண்டு. கிளை பூவோடு நிற்காமல் அதைத் தாண்டி வளர்ந்துவிடும். பூ இருந்த இடத்தில் மணி கோத்ததுபோல் மரக்காய்கள் கிளையை வளைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கிளை வழியே கீழே வந்தால் அடுத்த மணிக்கொத்து, அதற்குக் கீழே அதற்கும் முந்தையது. பல காய்கள் வருடக்கணக்கில் திறக்காது. கிளை செத்தாலோ தீப்பட்டாலோதான் விதை வெளியே வரும்.

தேன் ஒரே இடத்தில் இவ்வளவு கொட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? குழாயடியில் என்ன ஆகுமோ அதுதான். சண்டை. ஊரில் பூந்தேன் என்றால் தேன்சிட்டு, பட்டாம்பூச்சி, எல்லாம் சின்னச் சின்ன உருவம். இங்கே லோரிகீட் கிளிகள் கூட்டமாக வந்து மரத்தைக் கவிழ்த்துக் குடிக்கும். வாட்டில்பேர்ட் இருமுவதுபோல் கத்தி அடுத்ததை விரட்டும். உலகத்தின் பாடும் பறவைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை இந்தப் பக்கத்து நிலத்தில்தான் தோன்றியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் காக்கையும் ஊர்க்குருவியும்கூட அந்த வகையில் இங்கிருந்து போன பரம்பரை. குயில் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த மரங்கள் அந்நியம் இல்லை. வால்பாறை, ஏற்காடு எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஒரு கிரெவிலியா. ஊட்டியில் தைலம் எடுக்கும் மரம் 1840களில் போன நீல யூகலிப்டஸ். சமவெளியில் மைசூர் கம் என்று நட்டு, தண்ணீரை உறிஞ்சுகிறது என்று திட்டு வாங்கும் மரம் பெரும்பாலும் இந்த மேற்கு சிட்னி காட்டிலேயே இயல்பாக வளரும் ஃபாரஸ்ட் ரெட் கம் இனம்தான். ஊரில் அதைச் சில வருடங்களில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவோம். அதனால் கிழடான யூகலிப்டஸ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நூறு வயதைத் தாண்டிய மரத்தில்தான் நல்ல பொந்து விழும். அந்தப் பொந்துகளை நம்பி ஆஸ்திரேலியாவில் 300-க்கும் மேற்பட்ட வகை முதுகெலும்புள்ள உயிர்கள் இருக்கின்றன: போசம் என்ற மரமேறும் பிராணி, கிளி, வௌவால், ஆந்தை. கட்டைக்கு வளர்த்த மரமும் வீட்டுக்கு வளர்ந்த மரமும் பெயரில்தான் ஒன்று.

சரி, குழாயடிச் சண்டைக்கு வருவோம். அதில் ஜெயித்தது யார்? பெரும்பாலான தெருக்களில் நாய்சி மைனர் என்ற சாம்பல் நிறப் பறவை. பெயரைக் கேட்டதும் நம் மைனா என்று நினைக்கத் தோன்றும். மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு என்று பார்வைக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் இரண்டுக்கும் உறவே கிடையாது. நாய்சி மைனர் இந்த மண்ணின் தேன்குடி. பழுப்பு உடம்பு, பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு என்றால் அது நம் ஊர் மைனா. பூச்சி பிடிக்கும் என்று 1860களில் மெல்போர்னில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அதைப் பிடிக்கப் பொறி வைக்கிறார்கள். நடுமுற்றத்தில் நடை போடும் மைனாவைப் பார்த்தால் எனக்கு ஒரு சங்கடமான ஒட்டுதல் வரும், மறைப்பானேன்.

உண்மையில் சின்னப் பறவைகளுக்குப் பெரிய தொல்லை வந்தேறி மைனா இல்லை, உள்ளூர் மைனர்தான். பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரு தெருவையே குத்தகைக்கு எடுத்ததுபோல் வைத்துக்கொள்ளும். கட்டைவிரல் அளவு பார்டலோட் முதல் பெரிய மீன்கொத்தி இனமான கூக்கபரா வரை யார் வந்தாலும் கூட்டமாக மேலே விழுந்து விரட்டும். நாய்சி மைனர் மற்றப் பறவைகளை இப்படி வெளியேற்றுவதைச் சுற்றுச்சூழலுக்கு முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாக மத்திய அரசு 2014-ல் பட்டியலிட்டது. ஒரு உள்ளூர்ப் பறவைக்கு இது அவமானமான அந்தஸ்து. சின்னப் பறவை போனால் மரமும் வாடும். யூகலிப்டஸ் இலைமேல் வெள்ளைப் பொட்டுப்போல் ஒரு சர்க்கரை ஓட்டுக்குள் சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கும். அதைக் கொத்தித் தின்ன பார்டலோட் வராவிட்டால் பூச்சி பெருகும், இலை காயும்.

மைனரைத் திட்டுவதற்கு முன் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிடித்தது உயரமான மரம், கீழே வெட்டவெளி. அதாவது இரண்டு யூகலிப்டஸ், சுற்றிலும் புல்தரை. எந்தப் புறநகர் வீட்டைப் பார்த்தாலும் இதுதான். அதோடு வருடம் முழுக்கப் பூக்கும் கலப்பின கிரெவிலியா. ‘ராபின் கோர்டன்’ என்று பெயர் போட்டு எல்லாக் கடையிலும் விற்கும் செடி அந்த ரகம். பூ நிற்காததால் தேன் நிற்காது, தேன் நிற்காததால் மைனர் இடத்தை விட்டு நகராது. நாட்டுச் செடி நட்டேன், பறவை வந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் எந்தப் பறவை வந்தது என்று கொஞ்சம் பார்ப்பது நல்லது. வந்ததைப் பார்ப்பது எளிது. வராததைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வராததற்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. சிட்னியைச் சுற்றி மணற்பாறை மேடுகள், நடுவில் களிமண் சமவெளி. ஐரோப்பியர் வந்த 1788-லேயே கடற்கரை மண்ணில் பயிர் சரியாக வராமல் உள்ளே தள்ளி, இன்றைய பாரமாட்டாவில் பண்ணை போட்டார்கள். 1791-ல் டூங்காபியில் கைதிகளை வைத்துக் காட்டை அழித்து அரசாங்கப் பண்ணை. பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலம் அது. மணற்பாறை மேடு விவசாயத்துக்கு உதவாததால் தப்பிப் பிழைத்து இன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. கொஞ்சம் சத்துள்ள களிமண், சத்து இருந்ததாலேயே மொட்டையானது. கம்பர்லண்ட் சமவெளிக் காடு என்று அதற்குப் பெயர். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2009-ல் மத்திய அரசின் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பது என்று சேர்த்தார்கள். ப்ராஸ்பெக்ட் நீர்த்தேக்கத்தின் பக்கம் போனால் துண்டு துண்டாகப் பார்க்கலாம். மேலே மரம், கீழே புல் என்று ஒரு பார்வைக்குத் தோட்டம் மாதிரியே இருக்கும். வித்தியாசம் நடுவில்: ஆள் நுழைய முடியாத முள்புதர்த் திட்டுகள்.

அந்தப் புதரில் முக்கியமானது பர்சேரியா. பூச்செடிக் கடையில் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், சின்ன இலை, முள், சுமாரான தோற்றம். கிறிஸ்துமஸ் வாக்கில் வெள்ளையாகப் பூத்து மணக்கும்போது மட்டும் வண்டும் குளவியும் மொய்க்கும். நீலத் தலை ஃபெய்ரி ரென் போன்ற குட்டிப் பறவைகளுக்கு இந்த முள்தான் கதவுக்குத் தாழ்ப்பாள். மைனர் துரத்தினால் உள்ளே நுழைந்துகொள்ளும்.

கொல்லையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பறவை இல்லை, அரணை. நீலநாக்கு அரணை. ஊரில் ‘அரணை கடித்தால் மரணம்’ என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, முழங்கை நீளத்துக்கு மேல், தடித்த உடம்போடு ஒரு அரணை மரப்பலகைக்கு அடியிலிருந்து வெளியே வந்தால் எப்படி இருக்கும்! கால் குட்டையாக இருப்பதால் முதலில் பாம்பு என்றே நினைப்போம். நான் நகராமல் நின்றேன். அதுவும் நகரவில்லை. பிறகு உடம்பைத் தட்டையாக்கி, சீறி, வாயைத் திறந்து நாக்கை நீட்டியது. மை தொட்டதுபோல் நீலம். அவ்வளவுதான் அதன் ஆயுதம். விஷம் கிடையாது, ஊர் அரணைக்கும் கிடையாது, அந்தப் பழமொழி வெறும் எதுகை. குட்டி போடும் இனம், இருபது வருடம்கூட வாழும், நத்தையை விரும்பித் தின்னும். கீரைப் பாத்தியில் நத்தை மருந்து தூவினால் மருந்து தின்ற நத்தையைத் தின்று இதுவும் செத்துப்போகும். மருந்தை நிறுத்தினேன்.

கத்தரிப் பாத்திக்கு இன்னொரு விருந்தாளி உண்டு. நம் ஆட்கள் வீட்டுக் கொல்லையில் தக்காளியும் கத்தரியும் கட்டாயம் இருக்கும். இரண்டு பூவிலும் மகரந்தம் உப்புக் குப்பியில் இருப்பதுபோல் நுனித் துளைக்குள் அடைபட்டிருக்கும், குலுக்கினால்தான் கொட்டும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. நீலப் பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் வெளிர்நீலக் கோடுகள். பூவைப் பிடித்துக்கொண்டு சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். அந்த நேரத்தில் ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறுவதைக் காதால் பிடிக்கலாம். காற்றுக்கும் கொஞ்சம் காய்க்கும் என்றாலும் இந்த அதிர்வு கிடைத்த பூ நன்றாகவே பிடிக்கும். பசுமைக்கூடத்தில் தக்காளி வளர்ப்பவர்கள் இதே வேலைக்கு அதிரும் கோலை வைத்துக்கொண்டு செடி செடியாகப் போகிறார்கள். இந்தத் தேனீ கூட்டமாக வாழாது, தேன் தராது. பெண் மண்ணில் தனித்தனிப் பொந்து போடும். கோடைச் சாயங்காலத்தில் காய்ந்த குச்சிகளைப் பாருங்கள்: ஆண்கள் வரிசையாகக் குச்சியை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கித் தூங்கிக்கொண்டிருக்கும்.

கொக்கட்டூ என்ற வெள்ளைக் கொண்டைக் கிளி பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இரண்டு வரி. சிட்னியில் குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கும் வித்தை 2018-க்கு முன் மூன்று புறநகர்களில்தான் இருந்தது. 2019 முடிவதற்குள் 44 இடங்களுக்குப் பரவியது, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டு. மேற்கு சிட்னிப் பூங்காக்களில் திருகு குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கவும் கற்றிருக்கின்றன என்று 2025-ல் ஆய்வு வெளியானது.

பயமாக இல்லையா என்று ஊரிலிருந்து கேட்பார்கள். ஃபனல்வெப் சிலந்தி இருக்கிறது, ஆனால் 1981-ல் முறிமருந்து வந்தபின் அதன் கடியால் ஒரு சாவும் பதிவாகவில்லை. உருட்டுக்கட்டைக்கு அடியில் கையை விடாதீர்கள், வெளியே கிடந்த செருப்பை உதறிப் போடுங்கள். வசந்தத்தில் தலைமேல் பாயும் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைதான் அன்றாடத் தொல்லை; பெரும்பாலான மேக்பைகள் அதுவும் செய்வதில்லை. முகத்தை நினைவில் வைத்திருக்கும் பறவை, பகைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பார்க்கத் தொடங்க எதுவும் வாங்க வேண்டாம். பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரும் நடத்தும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கு இருபது நிமிடம் போதும். தவளைச் சத்தம் கேட்டால் ஆஸ்திரேலிய மியூசியத்தின் ஃப்ராக் ஐடி செயலியில் பதிவு செய்து அனுப்பினால் எந்தத் தவளை என்று சொல்லிவிடுவார்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் நல்ல வேட்டை.

என் கணக்கெடுப்பில் போன அக்டோபரில் மைனர் பதினொன்று, லோரிகீட் ஆறு, மேக்பை இரண்டு, குயில் ஒன்று, அதுவும் குரல் மட்டும். ஃபெய்ரி ரென் சுழி. முந்நூறு மீட்டர் தள்ளி ஓடைக்கரை முள்ளில் அது இருக்கிறது, போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு ரோடு, ஏழெட்டுப் புல்தரை. வேலியோரம் நாலு பர்சேரியா நட்டிருக்கிறேன், இந்த முறை எரு போடாமல். முழங்கால் உயரம் வந்திருக்கிறது. டிசம்பரில் ஒரே ஒரு கிளையில் பூத்தது, அன்றைக்கே ஒரு ஆரஞ்சுக் குளவி வந்து உட்கார்ந்தது.